'கேர்ள்' என்ற சொல்லுக்குத் தகப்பன் தேடியவர்

எங்கள் ஆங்கில அகராதி அலுவலகத்தில் வில்பிரட் டாப்ஸ்காட் ஒன்பது வருடம் ஒரே சொல்லோடு குடித்தனம் நடத்தினார். 'கேர்ள்' என்ற சொல். அறுநூறு வருடத்துக்கு முன் அது ஆண் குழந்தையையும் குறித்தது. ஆண்கள் எப்போதோ கழன்றுகொண்டார்கள். அதெல்லாம் தெரிந்ததுதான். எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாது. உடுப்பைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்து என்றார் டாப்ஸ்காட். அதற்குச் சாட்சியாக ஒரு பழைய வரி வேண்டும். இல்லாவிட்டால் 'தோற்றம் தெரியவில்லை' என்று அச்சாகும். இந்தச் சொல் முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். அந்தப் பெண் ஒரு வெண்ணெய் வியாபாரியைக் கட்டிக்கொண்டாள்.

1897 மார்ச்சில் அந்த வரி தபாலில் வந்தது. புத்தகங்களைப் படித்து, மேற்கோள்களைச் சீட்டில் எழுதி அனுப்ப எங்களுக்குச் சம்பளமில்லாத வாசகர்கள் உண்டு. டார்செட்டிலிருந்து மிஸ் ஹெஸ்டர் லம்லி இருபது வருடத்தில் பதினோராயிரம் சீட்டு அனுப்பியவர். இந்தச் சீட்டு அவர் ஊர்த் தேவாலயத்தின் பழைய உயில் கட்டிலிருந்து எடுத்தது. தாள் எண் மட்டும் இல்லை. எண் இல்லாத சீட்டு எங்களிடம் செல்லாது.

டாப்ஸ்காட் ரயிலேறினார். அந்த அம்மாள் சாகக் கிடந்தார்.

"அகராதியிலேர்ந்தா வர்றீங்க? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்ல சார். என்னைப் பார்க்கவா?"

"தாள் நம்பர் விட்டுப்போச்சு மேடம்."

"ஓ. நான் நம்பர் விட்டதே இல்லையே."

"இருபதா, முப்பதா? சும்மா தோராயமாச் சொல்லுங்க."

"தோராயமாச் சொல்றவ நான் இல்ல. உடம்பு தேறட்டும், நானே போய்ப் பார்த்து எழுதறேன்."

வியாழக்கிழமை இறந்துபோனார். டாப்ஸ்காட் மூன்று நாள் அந்தக் கட்டைப் புரட்டினார். பூச்சி அரித்த முந்நூறு தாளில் வரி அகப்படவில்லை. ஊர் திரும்பி, சீட்டின் மூலையில் அந்த அம்மாளின் கையெழுத்தைப் போலவே 23 என்று எழுதினார்.

ஆசிரியர் டாக்டர் பிரிட்மோர் யாரையும் நம்புகிற ரகமில்லை. பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பினார். இருபத்துமூன்றாம் தாளில் ஒருவன் தன் இரண்டு பன்றிகளைத் தங்கைக்கு எழுதிவைத்திருந்தான்.

"வரியையே கதை கட்டியிருக்கு அந்தப் பொம்பளை. இன்னும் எத்தனை கட்டுச்சோ. டாப்ஸ்காட், நீங்க நேர்ல பார்த்தீங்களே, நிதானமா இருந்தாங்களா?"

டாப்ஸ்காட் கண்ணாடியைத் துடைத்தார். உண்மையைச் சொன்னால் அன்றே வேலை போகும்.

"கொஞ்சம் தடுமாற்றமாத்தான் இருந்தாங்க சார்."

நம்பத்தகாத வாசகரின் சீட்டுகள் அத்தனையும் நீக்கப்பட வேண்டும் என்பது எங்கள் விதி. பதினோராயிரத்தையும் அலமாரி அறைகளிலிருந்து பொறுக்கும் வேலை டாப்ஸ்காட்டுக்கே வந்தது. மூன்று வாரம் ஆனது.

"உங்க மிஸ் லம்லி நல்லா எரியறாங்கப்பா," என்றார் பக்கத்து மேஜை கிளெக், சீட்டுகள் எரிந்த கணப்பில் கையைச் சூடுகாட்டிக்கொண்டே. டாப்ஸ்காட்டும் சிரித்தார்.

'தோற்றம் தெரியவில்லை' என்றே அச்சானது. அந்த வருடமே மிஸ் லம்லியின் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. முன்னுரையின் நன்றிப் பட்டியலில் அக்காவின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது, கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கடிதங்களுக்குப் பதில் எழுதுவது டாப்ஸ்காட்டின் பொறுப்பு. அப்படி ஒரு வாசகர் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று மரியாதையாக எழுதி, தபால்தலை ஒட்டினார்.