சத்தமில்லாத துப்பாக்கி

தீபாவளிக்கு மாமா எனக்கு ஒரு பொம்மை ரிவால்வர் வாங்கி வந்தார். எட்டு வெடிக்குப்பிகள் கொண்ட சிவப்பு வளையத்தை அதில் மாட்டிச் சுட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் வீட்டில் சுடத் தடை. வல்லம் வடகாலில் எங்களுடையது ஒற்றை அறை லைன் வீடு. அப்பாவுக்கு ஒரகடத்தில், இரும்புத் தகடுகளை மெஷினில் அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்குவார்.

"அப்பா தூங்கினு கீறாரு. சத்தம் வந்துச்சு, அது அடுப்புக்குள்ள போய்டும்," என்றாள் அம்மா.

நான் அழுதேன். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அது பொறுக்காது. தவிர, அவர் இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். சத்தம் கூடாது, புகை வேண்டும், அவ்வளவுதானே என்று, நான் தெருக்கோடியில் சுட்டுத் தீர்த்த வளையத்தை எடுத்துக் காலிக் குப்பிகளில் பவுடர் அடைக்க உட்கார்ந்துவிட்டார்.

கோலமாவு கனம், பறக்கவில்லை. "இது ரிஜெக்ட்டு." மஞ்சள்தூள் கட்டிதட்டிப் போனது. விபூதிப் பக்கம் நீண்ட கையை அம்மா தட்டிவிட்டாள். கடைசியில் அவளுடைய முகப்பவுடர்தான் தேறியது. விசையை இழுத்ததும் 'டிக்' என்று வெள்ளையாக ஒரு புகை. மல்லிகை வாசனையோடு சுட்ட ஒரே போலீஸ் நானாகத்தான் இருப்பேன்.

"இது பாஸு!" என்றார் மாமா, பெரிய ஆபீசர் மாதிரி.

அதற்குள் அப்பா எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைத் திருடனாக்கிக் குறி வைத்தேன். டிக். டிக். மூன்றாவது, டமார்!

வளையத்தில் ஒரு குப்பி முதலில் வெடிக்காமலே இருந்திருக்கிறது. மாமாவின் செக்கிங்கில் அது தப்பிவிட்டது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அப்பா திரும்பவில்லை.

"மாமா," என்று அவரைக் கூப்பிட்டார் மாமா. பிறகு இன்னும் உரக்க, "மாமோவ்!" அப்பா போர்வையின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, மறுபடி மடித்தார். அம்மா கையில் கரண்டியோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. புகைதான் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இவ்வளவு சத்தத்துக்கும் கோபப்படாத அப்பா வேறு யாருக்கு இருக்கிறார்?

"இன்னொண்ணு சுடட்டாம்மா?"

"சுட்டுக்கோ," என்றாள் அம்மா.

புது வளையத்தை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஆசை தீரச் சுட்டேன்.