தமுக்கு கடைசியாகப் போன தெரு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் நான் முல்லையாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரின் பஞ்சாயத்து போர்டில் குமாஸ்தாவாக இருந்தேன். மார்க்கையன்கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். எனக்கு இருபத்து நான்கு வயது. இப்போது அந்த ஊரை நினைத்தால் முதலில் மனதில் வருவது மழைக்கு முந்தைய வெளிச்சம்தான். கிழக்கும் மேற்கும் மலை, நடுவில் நெல்வயல். ஐப்பசியில் இரண்டு மலைகளும் மேகத்துக்குள் போய்விடும். ஊர் எதிலும் ஒட்டாமல் வெள்ளையில் தனியாக மிதப்பதுபோல் இருக்கும்.

புரட்டாசி கடைசியில் போர்டு கூடி வெள்ளத்துக்கு ஏற்பாடு செய்யும். தேங்காய்நார் வடம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, மண் நிரப்பச் சாக்கு, கிணறுகளில் போட மருந்து. யுத்தத்தால் சாக்கும் கிடைக்கவில்லை, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. ஆனாலும் தீர்மானத்தில் எல்லாவற்றையும் எழுதுவேன். கடைசியாக, தமுக்கு அடித்து ஊரை எச்சரிக்க வேண்டிய தெருக்களின் வரிசை. தேரடித் தெரு முதலில், பிறகு சன்னதித் தெரு, கடைத்தெரு, இப்படியே போய் ஆற்றோரத் தெருவில் முடியும். எனக்கு முன்பிருந்தவர் எழுதிவைத்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன். திருவிழாவுக்கும் வரிக்கும் அம்மை குத்துவதற்கும் அதே வரிசைதான்.

தமுக்கு அடிப்பவர் போர்டின் ஊழியர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவர் என்னைச் ‘சாமி’ என்பார். நான் அவரை ‘நீ’ என்பேன். அன்று அதில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை. ஆற்றோரத் தெருவில்தான் அவர் வீடு.

அந்த வருடம் மூன்று நாள் விடாமல் தூறியது. நாலாம் நாள் காலை, கம்பத்திலிருந்து வரும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்து எங்கள் ஆபீசுக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி ஜன்னலருகே வந்தார்.

“கம்பத்துல ஆறு பாலத்தத் தொட்டுக்கிட்டுப் போகுதுங்க. சுருளிப் பக்கம் ராப்பூராக் கொட்டியிருக்கு. ஊருக்குச் சொல்லிவிடச் சொன்னாக. மத்தியானத்துக்குள்ள இங்கன வந்துரும்.”

நான் தமுக்குக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“எப்பவும் போலத்தானா சாமி?”

“எப்பவும் போலத்தான்.”

அவர் ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. பிறகு தேரடிப் பக்கம் நடந்தார்.

ரெக்கார்டுகளை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு நான் ஜன்னலருகே உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஆறு தெரியும். உண்மையைச் சொல்லவேண்டும்: அந்த ஒரு மணி நேரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் சத்தமில்லாமல் அகலமாகிக்கொண்டிருந்தது. வாழைமரங்கள் தோட்டத்தில் நின்றபடியே நகர்ந்து வருவதுபோல் நிமிர்ந்து மிதந்து வந்தன. ஒரு வைக்கோல்போர் முழுசாக வந்தது. அதன் உச்சியில் ஒரு சேவல், எங்கேயோ கல்யாணத்துக்குப் போவதுபோல் நிதானமாக உட்கார்ந்திருந்தது. காற்றில் பச்சை ஏலக்காய் மணம் இருந்தது. மலையில் எந்தத் தோட்டம் சரிந்ததோ. தமுக்குச் சத்தம் தூரத்தில் விட்டுவிட்டுக் கேட்டது. தூக்கத்தில் கேட்பதுபோல் இதமாக இருந்தது.

அப்போது ஒரு முறம் மிதந்து போனது. அதன் பின்னால் ஒரு பானை, ஒரு மரப்பலகை, இன்னொரு முறம். இவை மேலே எங்கிருந்தோ வரவில்லை. நம் கரையிலிருந்து போகின்றன என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். தமுக்கு இன்னும் சன்னதித் தெருவில்தான் இருந்தது.

ஓடினேன். ஆற்றோரத் தெருவில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று குழந்தைகளைக் கைமாற்றிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். நடக்கமுடியாத ஒரு கிழவரைக் கயிற்றுக்கட்டிலோடு நாலு பேர் தூக்கிவந்தார்கள். எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தவள் தமுக்குக்காரரின் மனைவி. என்னைப் பார்த்ததும் ஒரு ஆட்டுக்குட்டியை என் கையில் திணித்தாள்.

“தமுக்குச் சத்தம் மேக்க கேட்டுச்சு சாமி. நம்ம தெருவுக்கு வர நேரமாகும்னு தெரியும். அதான் நாங்களே கெளம்பிட்டோம்.”

வீடுகள் மண்சுவர். நாங்கள் மேட்டில் நின்று பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றும் இடியாமல், சத்தமில்லாமல் கரைந்து உட்கார்ந்தது. கூரைகள் மட்டும் சற்று நேரம் தண்ணீரில் சுற்றின. யாரும் அழவில்லை. எல்லாரும் ஒரே கனவைக் காண்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் அவர் வந்தார். தமுக்கின் தோல் நனைந்து தொய்ந்துபோய்ச் சத்தமே எழவில்லை. வாயாலேயே கூவிக் கூவித் தொண்டை கட்டியிருந்தது. தெரு இருந்த இடத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனைவி சொன்னாள்: “வந்ததுக்குச் சொல்லிருங்க. கேட்டுக்கிறோம்.”

அவர் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் ஆட்டுக்குட்டியை அணைத்தபடி நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேனோ என்னவோ.

அவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கலாம் என்று போனேன். வாசலில் தேரடித் தெருக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். “நம்ம பிள்ளைக ஒக்காந்து படிக்கிற எடம். இங்கன எப்பிடி விடுறது?” என்றார் ஒருவர். வாத்தியார் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார். வாதாட எனக்குத் தைரியம் இல்லை. என் இடுப்பில் ஆபீஸ் சாவி இருந்தது. யாரையும் கேட்காமல் போர்டு ஆபீசைத் திறந்துவிட்டேன்.

மாலையில் பிரசிடெண்ட் குடையோடு வந்தார். பெரிய விவசாயி, அதிகம் பேசாதவர். என் மேஜைக்கடியில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பெண்கள் ஈரச்சேலைகளை ஜன்னல் கம்பிகளில் பிழிந்து கட்டியிருந்தார்கள். வெகுநேரம் வாசலில் நின்று பார்த்தார்.

“ரெக்கார்டையெல்லாம் மேல ஏத்திட்டியாப்பா?”

“ஏத்திட்டேங்கய்யா.”

“அப்பச் சரி.”

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து இரண்டு ஆட்கள் அண்டா நிறையக் கஞ்சி தூக்கிவந்தார்கள்.

வெள்ளம் வந்த மூன்றாம் நாள் வெயில் வந்தது. நானும் தமுக்குக்காரரும் கிணறு கிணறாகப் போய் மருந்தைக் கரைத்து ஊற்றினோம். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாக மாறியது. அடுத்த சில நாள் ஊர் முழுக்க அந்த நிறத்தில்தான் குடித்தது. வாசல் தெளித்த இடமெல்லாம் லேசாக ஊதாப் பூத்திருந்தது. வழியெல்லாம் சுவர்களில் சேறு ஒரு கோடு போட்டிருந்தது. அவர் ஒவ்வொரு சுவரிலும் அந்தக் கோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபடி நடந்தார். வண்ணார் துறையில் நெஞ்சுக்கு, கடைத்தெருவில் முழங்காலுக்கு. தேரடியில் கோடே இல்லை.

“நான் அன்னிக்கே கேட்ருக்கணும் சாமி,” என்றார். “கீழருந்து தொடங்கட்டுமான்னு. வாய் வரைக்கும் வந்துச்சு.”

“நீ கேட்டிருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன்,” என்றேன். அது உண்மை. அடுத்த கிணற்றுக்குப் போனோம்.

அன்று மாலை அவர் கை வைத்த உயரங்களை வைத்தே புதிய வரிசை எழுதினேன். ஆற்றோரத் தெரு முதலில். போர்டுக் கூட்டத்தில் ஒரு மெம்பர் கோபப்பட்டார். “தேரடியில மொத அடிக்கிறதுதான வழக்கம்? நேத்து வந்த குமாஸ்தா மாத்துறதா?”

பிரசிடெண்ட் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “வெள்ளத்துக்கு மட்டும் மாத்திக்குவோம். மத்ததுக்கெல்லாம் பழையபடி இருக்கட்டும்.” அவ்வளவுதான் நடந்தது. மற்றதைப் பற்றிப் பேச அன்று என்னிடமும் சொல் இல்லை. அந்தத் தெருவுக்கு மேட்டில் இடம் கேட்டு எழுதிய மனுவுக்கு நான் அந்த ஊரில் இருந்தவரை பதில் வரவில்லை. அவர்கள் அதே இடத்திலேயே மறுபடி மண் குழைத்து வீடு எழுப்பிக்கொண்டார்கள்.

மறுவருடமும் ஆறு வந்தது. விடிந்து சற்று நேரத்தில் தமுக்கு ஆற்றோரத் தெருவில் முதலில் ஒலித்தது. தோல் காய்ந்திருந்ததால் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பானை சட்டி, ஆடு, கோழி எல்லாவற்றோடும் அவர்கள் அவசரமில்லாமல் மேடேறி வந்தார்கள். மற்றத் தெருக்களையும் முடித்துவிட்டு அவர் வந்து கரையில் என் பக்கத்தில் நின்றார். தண்ணீர் ஆளில்லாத தெருவுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வாசலாகத் தயங்கித் தயங்கிப் போய்க்கொண்டிருந்தது.

“உள்ள யாருமில்ல சாமி,” என்றார். “வந்துட்டுப் போகட்டும்.”