வாயு லிங்கத்துக்குத் திரும்பிப் போனது

என் தம்பிக்கு ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று ஊர் சொன்னது. அது முழு உண்மை இல்லை. பேச்சு வந்தது, எல்லாம் அடுத்தவர் பேச்சாக வந்தது. தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமாடா?" என்று நம்மைக் கேட்பான். "எனக்கு வேணாம்" என்று பதில் சொன்னால் தரையில் விழுந்து கத்துவான். அப்பா தினமும் காலையில் அவனை எதிரில் உட்காரவைத்து, "வாயத் தொறந்து சொல்றா" என்று அதட்டுவார். மாலையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் அவன் வாசலுக்கு ஓடி, "வாயத் தொறந்து சொல்றா" என்று வரவேற்பான். தாலுகா ஆபீசில் நாள் முழுக்க அதட்டல் வாங்கிவிட்டு வரும் மனிதர், வீட்டு வாசலிலும் ஒன்று வாங்கினால் என்ன செய்வார்? ஓர் அறை விழும். என்னைக் கண்டால் "சும்மா இரு சனியனே". அது என் சொந்த வசனம், ஏற்ற இறக்கம் உட்பட.

அம்மா தெருக்குழாய்க்குப் போய்த் தாமதமானால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று கூவுவான். அவன் அழும்போதெல்லாம் அம்மா சொல்வது அது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் காதில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கு, செல்லம்தான் ஜாஸ்தி" என்றார். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், இவன் மௌனத்தில் ஆழ்ந்த ஞானி என்று கண்டுபிடித்து எதிரே சம்மணம் போட்டு அமர்ந்தார். ஞானி அவர் கையைக் கடித்துவிட்டான்.

ஆட்டிசம் என்ற சொல்லை நாங்கள் கேட்டபோது தம்பிக்கு நரை விழுந்திருந்தது. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். சென்னையில் ஒரு டாக்டரம்மா சொன்னார்: "இதுக்கு மாத்திரை கிடையாதும்மா. நாளைக்கு என்ன நடக்கப்போகுதுன்னு இன்னிக்கே படம் போட்டுக் காட்டுங்க. சொன்னத மாத்தாதீங்க. அப்புறம், ஒருத்தர் அவர்கிட்ட அடிக்கடி என்ன சொல்றாங்களோ, அதையே அவங்க பேரா வெச்சிருக்கலாம்." நான் எத்தனை வருடம் சனியனாக இருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆனால் அவனுடைய ஏழு வயதில், மலை சுற்றப் போன அந்தப் பௌர்ணமியில் எங்களுக்கு டாக்டரம்மா இல்லை. போளூர் மாமாதான் இருந்தார். அம்மாவின் அண்ணன், எல்லாம் தெரிந்தவர். "புள்ளைய கூட்டிக்கினு மலைய சுத்தும்மா. வீடு வர்றதுக்குள்ள அம்மான்னு கூப்பிடுவான் பாரு" என்றார். அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

விடியற்காலையில் கோபுர வாசலிலிருந்து கிளம்பினோம். அப்பா வரவில்லை, லீவு இல்லை என்றார். வழியில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். முதல் ஐந்திலும் தம்பி நெற்றியை நீட்டித் திருநீறு வாங்கினான், ஒரு முனகல் இல்லை. மாமா பெருமையாக என்னைப் பார்த்தார். அந்தப் பெருமையில் பேசிக்கொண்டே வந்தவர், டீக்கடை ஒன்று கண்ணில் பட்டதும் நடையை எட்டிப் போட்டார். நாங்களும் அவர் பின்னால் ஓடினோம். ஆறாவதான வாயு லிங்கம் பின்னால் நின்றுவிட்டது.

அடுத்த குபேர லிங்கத்தில் பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். தம்பி நெற்றியைக் கொடுக்கவில்லை. வந்த வழியைக் காட்டி, நடுரோட்டில் உட்கார்ந்து, மலைக்கே கேட்கும்படி கத்தினான். தூக்கினால் வில்லாக வளைந்தான். ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரர் இறங்கி யோசனை சொன்னார். மாடு ஒன்றுதான் யோசனை சொல்லவில்லை.

"ஒரு லிங்கம் விட்டுப்போச்சு, அதான்" என்றாள் அம்மா.

"அதுக்கு? திரும்பி நடந்தா எதிர்சுத்து ஆயிடும். வேணும்னா முன்னால போய், முழுசா இன்னொரு சுத்து சுத்தி வரணும்" என்றார் மாமா.

"இந்த வெயில்லயா?"

"மலைய எதிர்ல சுத்தினா, இருக்கற பேச்சும் போயிடும்மா."

"இருந்தாத்தானேண்ணா போறதுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா அவன் கையைப் பிடித்தாள். அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது.

மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தோம். எதிரே வந்தவர்கள் எல்லோரும், ஒருவர் விடாமல், வழி தவறிவிட்டதாக எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். மாமா சாமியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். எனக்குக் கால் கொதித்தது. இந்த ஜென்மத்தோடு பிறந்ததற்கு நான் எந்த மலையைச் சுற்றுவது என்று யோசித்தேன்.

வாயு லிங்கத்தில் தம்பி நெற்றியை நீட்டி, திருநீறு வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பினான். வெளியே வரும்போது அம்மாவின் வெறுங்காலை ஒரு ஜல்லி கிழித்தது. ரத்தம் வந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலருகே குந்தி, காயத்தை ஊதினான்.

"ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இவ்ளோ நடந்தும் வாயில அம்மான்னு ஒரு வார்த்தை வருதா பாருண்ணா."

"எதிர்ல நடந்தா எப்படி வரும்?" என்றார் மாமா.

அதற்குப்பின் மிச்சச் சுற்றையும் முடித்து, நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். ஆபீஸ் நேரத்தில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். லீவு கிடைத்திருக்கிறது, சொல்லவில்லை.

"கூப்பிட்டானா?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லப்பா. ஒரு வாட்டிகூட கூப்பிடல."