மருந்து வைத்தவள்

என் ஓரகத்திமேல் எனக்கிருந்த பொறாமைக்கு நகை, சேலை, நிறம் என்று எந்தக் காரணத்தைச் சொன்னாலும் கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். உண்மையான காரணம் ஒரு நாய். அதைச் சொன்னால்தான் சிரிக்கிறார்கள்.

அப்போது நாங்கள் பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தோம். கீழ்வீட்டில் நானும் என் கணவரும். மாடியில் அவருடைய அண்ணனும் அண்ணியும். அண்ணனுக்கு அக்கரையில் ரயில்வே வேலை, ஞாயிறு பூசைக்குத்தான் படகேறி வருவார். மற்ற நாட்களில் ஓரகத்தி மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் கீழே என்னைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஏறிவிடுவார்கள். என் கணவருக்கும் அண்ணி அரைத்த சம்பல் இருந்தால்தான் சோறு இறங்கும்.

கணவர் வேலை பார்த்த கப்பல் ஆபீசில் ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது தன் நாயின் குட்டிகளைக் குமாஸ்தாக்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பங்குக்கு வந்தது பெரிய பாதங்களும் தொங்கும் காதுகளுமாக ஓர் ஆண் குட்டி. "இந்தா, இது உனக்கு" என்று என் மடியில் போட்டார். அந்த வீட்டில் எனக்கு மட்டும் என்று வந்த முதல் உயிர் அதுதான். கஞ்சியில் எலும்புச் சாறு ஊற்றிப் பிசைந்து, சூடு பார்த்து ஊட்டினேன். கடகடவென்று வளர்ந்தது.

நடக்கத் தெரிந்ததும் படி ஏறக் கற்றுக்கொண்டது. தின்பது என்னிடம், படுப்பது அவளிடம். மேலே மிஷின் ஓடத் தொடங்கினால் போதும், வாயிலிருக்கும் எலும்பைக்கூடப் போட்டுவிட்டு ஓடும். மிதிகட்டைக்குப் பக்கத்தில் தாடையைத் தரையில் வைத்து அசையாமல் கிடக்கும். அவள் அதற்கு ஒரு வாய் சோறு போட்டதில்லை, தடவிக் கொடுத்ததுகூட இல்லை. ஏதாவது கொடுத்து மயக்கியிருந்தால் நானும் அதைக் கொடுத்து மீட்டிருப்பேன். ஒன்றுமே செய்யாமல் இருந்தவளோடு எப்படிப் போட்டி போடுவது?

குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "என் நாய்க்கு அவ மருந்து வெச்சிட்டா" என்றேன். புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளச் சோற்றில் வைப்பதாகச் சொல்வார்களே, அந்த மருந்தை நினைத்துத்தான் சொன்னேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

நாய்க்கு ஒரு வயது நெருங்கும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போலத் தாவத் தொடங்கியது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். பிறகு படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியது. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. இடுப்பைத் தூக்கப் பார்த்தது, கத்தியது, சரிந்து விழுந்தது.

தெருவில் செய்தி பரவிய வேகத்தைச் சொல்ல வேண்டாம். குழாயடியில் என்னோடு நின்ற ஒருத்தி என் கணவரை வழியில் மறித்து, "உங்க சம்சாரம்தான் அன்னிக்கே சொன்னிச்சே தம்பி, மாடியில உள்ளவங்க நாய்க்கு மருந்து வெச்சிட்டாங்கன்னு" என்று சொல்லிவிட்டாள். தெரு நாய்களைக் கொல்ல வைக்கும் மருந்து என்று அவள் எடுத்துக்கொண்டாள், அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராகப் போய் மிருக டாக்டரை அழைத்து வந்துவிட்டார்.

டாக்டர் சட்டைக்காரர், வெள்ளைக்காரக் கலப்பு. தமிழ் தெரியாது, மலாய் நன்றாகப் பேசுவார். என் கணவர் மலாயில் விவரம் சொன்னார். அதில் 'ராச்சூன்' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பகீரென்றது. கடைத்தெருவில் எலிப் பாஷாணத்தை அப்படித்தான் கேட்டு வாங்குவோம்.

"சியாப்பா?" என்றார் டாக்டர். யார் வைத்தது என்று கேட்கிறார்.

என் கணவர் கண் படிக்கட்டுப் பக்கம் போனது. அங்கே ஓரகத்தி கையில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் அதற்குள் வாந்தி எடுக்க வைக்கும் மருந்தைப் பெரிய புட்டியிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி, நாயின் வாயைப் பிளந்துவிட்டார்.

"விஷம் இல்லங்க!" என்று கத்தினேன். "நான் சொன்னது வசிய மருந்து! என் நாய மயக்கி வெச்சிருக்காங்கன்னு சொன்னேன்!"

கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. டாக்டரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். கடைசியில், "குணா-குணா" என்றார். மலாய்க்காரர்கள் செய்வினைக்கும் வசியத்துக்கும் சொல்லும் சொல். டாக்டர் ஒரு நிமிடம் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓரகத்தி சிரிக்கவில்லை. "நாய்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான் டாக்டர் நாயின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காரவில்லை, பிறவியிலேயே வந்த கோளாறாக இருக்கலாம் என்றார். இரண்டே வழி. துடிக்க விடாமல் சுட்டுவிடுவது ஒன்று. இல்லையென்றால் மாதக்கணக்கில் ஓரிடத்தில் படுக்க வைத்து, காலையும் மாலையும் இடுப்புக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படி ஏறவே கூடாது. அப்படியும் நொண்டல் முழுதாகப் போகாது.

"பாவம்லா, எதுக்கு அத வெச்சு வதைக்கிறது?" என்றார் கணவர். "உன் நாய்தானே, நீயே சொல்லு."

"வெச்சுப் பாக்கலாம்" என்றேன். நாய்மேல் இருந்த பாசம்தான். ஆனால் 'படி ஏறவே கூடாது' என்று டாக்டர் சொன்னது என் காதில் தேனாக இறங்கியதும் நிஜம்.

அடுப்படிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் கட்டிப் போட்டேன். "நான் வேணும்னா கீழ வந்து உக்காந்துக்கிறேன்" என்றாள் ஓரகத்தி. "வேணாங்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று வாசலிலேயே மறித்துவிட்டேன். என் அடுப்படியிலும் வந்து உட்கார்ந்துகொண்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

ஒத்தடம் கொடுத்தேன், ஊட்டினேன், பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். என் கையை நக்கும். ஆனால் மேலே மிஷின் சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு அந்த நோவுக் காலில் எழுந்து நிற்கும், விழும், மறுபடி எழும். அவள் இரண்டு நாள் மிஷினைத் தொடாமல் இருந்து பார்த்தாள். அப்போதும் கூரையைப் பார்த்து ஊளையிட்டது. இடுப்பு வீங்கிவிட்டது.

மறுபடி வந்த டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. இது இப்படி எழுந்து எழுந்து விழுந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது, நாளை துப்பாக்கியோடு வரட்டுமா என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார்.

நாய் என்னைப் பார்க்கவில்லை. அது படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஊட்டி வளர்த்தது நான், அதன் மலஜலம் அள்ளியது நான். சாகப் போகிற நேரத்திலும் கண் அங்கேதான்.

கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு கைகளிலும் வாரித் தூக்கினேன். நல்ல கனம். "எங்க போற?" என்று கணவர் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு படியாக ஏற ஏற அதன் வால் என் விலாவில் அடித்துக்கொண்டே வந்தது. அத்தனை நாளும் எனக்காக அந்த வால் அப்படி ஆடியதில்லை.

ஓரகத்தி எழுந்து நின்றாள். மிதிகட்டைக்குப் பக்கத்தில் நாயை இறக்கிவிட்டேன். அது தாடையைத் தரையில் வைத்தது, நீளமாக ஒரு மூச்சு விட்டது, பிறகு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"துப்பாக்கி ஒண்ணும் வேணாம், இனிமே இங்கேயே கெடக்கட்டும். நான் வந்து கஞ்சி ஊத்திட்டுப் போறேன்" என்றேன். "மருந்து வெச்சவங்களே பாத்துக்குங்க."

அவள் மிஷின் மேல் கை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"எந்த மருந்தச் சொல்ற, விஷமா வசியமா?"

"ரெண்டையுந்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் சிரிப்பதற்குள் கீழே இறங்கிவிட்டேன். பாதிப் படியில் இருக்கும்போது மேலே மிஷின் ஓடத் தொடங்கியது. நாய் சத்தமே போடவில்லை.