மரை கழற்றியவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் அண்ணன் கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களாக இருப்பீர்கள். மீதிப் பேர் அவரோடு வாக்குவாதம் செய்தவர்கள். இரண்டு தரப்பும் அவருடைய ஓராண்டு நினைவு நாளில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. தங்கையாகிய எனக்கு அந்த வருத்தம் உண்டு. ஆனாலும் அழுதுகொண்டு எழுதப் போவதில்லை. அவர் ஜெயித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது தொண்டாமுத்தூரில். அப்பா தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர். நான் பிறந்த மறு வருடமே அப்பா தவறிவிட, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் தோப்பு வேலைக்குப் போனார். ஒரு நாள் தோப்புக்குள் புகுந்த யானை, வேலியோரம் நின்ற தோப்புக்காரரின் பழைய சைக்கிளை மிதித்துவிட்டுப் போயிருந்தது. பிரேம் வளைந்து கிடந்ததே தவிர ஒரு மூட்டுக்கூட விட்டுப்போகவில்லையாம். தோப்புக்காரர் வேண்டாமென்று தள்ளியதை அண்ணன் தோளில் தூக்கி வந்துவிட்டார்.

"யானை மிதிச்சும் உடையலீங்கம்மா. இத எவன் செஞ்சான்னு தெரிஞ்சுக்கோணும்" என்றாராம்.

அம்மா பக்கத்து வீட்டில் போய், "எம்பட பையனுக்கு மரை கழண்டு போச்சுங்க" என்று புலம்பியிருக்கிறார்கள். அன்று வாங்கிய பேர் கடைசிவரை அண்ணனை விட்டுப் போகவில்லை.

பின்னாளில் மேட்டுப்பாளையம் சாலையில் சைக்கிள் கடை வைத்தார். என்னை ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்ட பிறகுதான் தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விட்டார். அண்ணி வந்த பிறகும் வீட்டில் சைக்கிள் பிரேம்களுக்குத்தான் அதிக இடம். எல்லாம் பேர்த் தகடு விழுந்துபோய், நம்பர் தேய்ந்துபோய், நாலைந்து பூச்சு பெயிண்டுக்கு அடியில் ஊர்பேர் தெரியாமல் வந்தவை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மூட்டுகளைத் தடவுவார். மூட்டின் முனை கூர்மையா மழுங்கலா, எண்ணெய் விடும் துளை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "இது வெள்ளைக்காரன் காலத்துச் சீமைச் சரக்கு", "இது அப்பறம் மெட்ராசுப் பக்கம் செஞ்சது" என்று தீர்ப்புச் சொல்வார். "நீங்க இரும்புக்கு ஜாதகம் பாக்கறீங்கண்ணா" என்று கேலி செய்வேன். அவருக்குக் கோபமே வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் எனக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. அடையாளமே இல்லாத ஒரு லேடீஸ் சைக்கிள் பிரேமுக்கு அண்ணன் சக்கரம் மாட்டிக் கொடுத்தார். பெடல் அச்சு நன்றாக ஓடியதால் அதை மட்டும் பிரிக்கவில்லை. மூட்டைத் தடவிப் பார்த்து, "சுத்தச் சீமை அம்மணி" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளியில் பார்த்தவர்களிடமெல்லாம் "சீமை சைக்கிளுங்க" என்று பெருமையடித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஊர்த் தோட்டத்துக்காரர் ஒருவர் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங் டீச்சர், இது எங்க சீமை வண்டிங்க. வால்பாறை எஸ்டேட் துரைசானி சீமைக்குத் திரும்பறப்ப எங்க ஐயனுக்குக் குடுத்துட்டுப் போனதுங்க. நாலு வருசம் முந்திக் கோயில் வாசல்ல களவு போச்சுங்க. திங்கக்கெழம போலீசுக்குப் போறனுங்க."

திருடி என்று சொல்லும்போதுகூட நம் ஊர்க்காரர் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்! தலைமையாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, விஷயம் தெளிவாகும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். போலீஸ் என்று ஆகிவிட்டால் வேலை அவ்வளவுதான். அண்ணன் பட்ட பாடெல்லாம் ஒரு சைக்கிளில் போய்விடும் போலிருந்தது.

ஞாயிறு காலையில் அண்ணன் பெடல் அச்சைப் பிரித்தார். அச்சு ஓடும் குழலின் உட்புறம் மரை வெட்டியிருக்கும். இருபுறமும் கிண்ணம் போன்ற கப்பைத் திருகி இறுக்குவார்கள். சீமை மரைக்குச் சீமைக் கப்பு மட்டும்தான் பொருந்தும். தன்னிடமிருந்த சீமைக் கப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். ஒன்றுகூட அரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சீமையில்ல கண்ணு. மூட்டு மட்டுந்தான் சீமை மாதிரி. ஊரெல்லாம் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"ஏனுங்ணா, சீமையில்லீன்னாத்தானே நான் திருடி இல்ல!"

குழலுக்குள் விரலை விட்டு மரையைத் தடவி, "இது பம்பு மரையாட்டம் இருக்குது கண்ணு" என்றார். பிறகு எழுந்து ஓடினார். சாப்பாட்டு வேளை தாண்டி, பக்கத்து மோட்டார் பட்டறை அந்தோணி அண்ணனோடு திரும்பி வந்தார். கையில் ஒரு பித்தளை மரை. கிணற்று மோட்டார் பம்பில் தண்ணீர் ஒழுகாமல் இறுக்குவார்களே, அது. குழலில் வைத்துத் திருகினார். வெண்ணெயில் விரல் இறங்குவது போல இறங்கியது. மூன்று பேரும் கத்திய கத்தில் அண்ணி கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில் தோட்டத்துக்காரர், தலைமையாசிரியை, ஊரில் பாதி என்று கூடிவிட்டார்கள். அண்ணன் எடுத்ததுமே, "மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. இது சீமைன்னு சொன்னது நாந்தானுங்க. பிரிச்சுப் பாக்காமச் சொன்னேன். தப்பு என்மேலதானுங்க" என்றார். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. பிறகு சீமைக் கப்பைத் தோட்டத்துக்காரர் கையிலேயே கொடுத்துத் திருகச் சொன்னார். ஏறவில்லை.

"உங்க மோட்டார் நம்மூருப் பழைய பட்டறைச் சரக்குத்தானுங்களே? உங்க மோட்டார் ரூமுல இருந்தே ஒரு பித்தளை மரை எடுத்தாரச் சொல்லுங்க."

ஆள் ஒருவர் போய் எடுத்து வந்தார். தோட்டத்துக்காரர் தன் கையால் திருகினார். கடைசிவரை போய் உட்கார்ந்தது.

"மோட்டாருக்கு மரை வெட்டற எடத்துலயே யாரோ இதுக்கும் வெட்டியிருக்காங்க. கரண்டு மோட்டார் வந்த பொறவு நம்ம கோயமுத்தூர்ல செஞ்ச வண்டிங்க இது. துரைசானி ஓட்டுன சீமை வண்டி இது இல்லீங்க."

தோட்டத்துக்காரர் சீமைக் கப்பை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார். தன் ஐயனின் வண்டி உள்ளூர்ச் சரக்கு என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வரும்? "எங்குளுது சீமைங்க. இது அதில்லீங்க டீச்சர், மன்னிச்சுக்கோங்க" என்று கும்பிட்டார். தலைமையாசிரியை என்னிடம், "மணி அடிச்சாச்சு, கிளாசுக்குப் போம்மா" என்றார். நான் நடக்கவில்லை, ஓடினேன்.

அண்ணன் அதோடு விடவில்லை. அன்று முதல் எந்தப் பிரேம் வந்தாலும் மரையைக் கழற்றிப் பார்க்கும்வரை அதன்மேல் சாக்பீஸால் 'தெரியாது' என்றுதான் எழுதி வைப்பார். நீலகிரியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் பிரேமைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த 'தெரியாது' அழிவதற்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். துரைசானி தன் நாயை உட்கார வைக்கும் கூடையை மாட்டுவதற்காக இரண்டு துளை போட்டிருந்தாள் என்று தோட்டத்துக்காரரின் தாயார் பின்னொரு நாள் சொன்னதை அண்ணன் மறக்கவேயில்லை. மூன்று வருடம் கழித்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் லேடீஸ் பிரேம் ஒன்றைப் பிரித்தார். சீமைக் கப்பு முழுதாக ஏறியது. பெயிண்டைச் சுரண்டினால் இரண்டு துளையும் இருந்தன. தங்கையைத் திருடி என்றவர் வீட்டுக்கு அதைத் தானே மிதித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியில் படுத்தவர் பத்தே நாளில் போய்விட்டார். கடைசி நாளிலும் கடையில் எத்தனை 'தெரியாது' பாக்கி என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த அந்தோணி அண்ணனுக்கும், ஓய்வு பெற்ற பிறகும் வந்து அழுத எங்கள் தலைமையாசிரியைக்கும், துரைசானி சைக்கிளில் வந்து, அதை என் சைக்கிளுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் பாடையின் முன்காலைப் பிடித்த தோட்டத்துக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனை மரை கழண்டவர் என்று சொல்லிச் சிரித்த உறவினர்களுக்கும் நன்றி. ஒரேயொரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணன் மரை கழண்டவர் அல்லர், கழற்றியவர்.