அப்பாவின் பக்கம் நின்று பேசிய நாள்

அம்மாளாச்சியை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

நான் உயர்தரம் படித்த காலம். அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலில் வந்த புண் ஆறவேயில்லை. ஒரு விரலை எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா மாட்டேன் என்றார். அம்மா அழுதும் அசையவில்லை.

நான் பாடசாலை விவாத அணியில் தொகுப்புரை செய்பவள். எதிரணி சொன்னதை நார்நாராகக் கிழிப்பதில் எனக்குப் பெருமை. அதே வாயோடு அப்பாவிடம் போனேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். புண் கறுக்கத் தொடங்கியது. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் நின்று, "அம்மாளாச்சி, அப்பாவை மடக்கிறதுக்கு ஒரு சொல்லுத் தா" என்று அழுதேன்.

அந்தக் கிழமை இறுதிப் போட்டிக்குப் பயிற்சி. கச்சான் கடலைக் கோதும் வாதமுமாகக் கழிந்த அந்தப் பின்னேரங்களை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. எதிரணியின் பக்கத்தை, 'ஓம், இதுதான் எங்கள் நியாயம்' என்று அவர்களே ஒத்துக்கொள்ளும்படி நாங்கள் பேசிக் காட்ட வேண்டும். எனக்கு அது வரவேயில்லை. தோழி வதனி சிரித்தாள்.

"உனக்கு வெட்டத்தான் தெரியும். அவை ஏன் அப்பிடிச் சொல்லுகினம் எண்டு நீ ஒருக்காலும் யோசிக்கிறேல்லை."

எனக்குத் திடுக்கென்றது. நான் கேட்ட சொல் இதுவல்ல. ஆனாலும் அம்மாளாச்சிதான் அனுப்பினாள் என்று உள்ளே தெரிந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவின் காலடியில் இருந்தேன்.

"அப்பா, இண்டைக்கு நான் உங்கடை பக்கம் கதைக்கிறன். பிழையெண்டால் சொல்லுங்கோ. விரலை எடுத்தால் தோட்டம் செய்ய ஏலாது எண்டு யோசிக்கிறியள்."

"இல்லைப் பிள்ளை."

"பிறகு என்னப்பா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "திருவிழாவிலை அம்மாளை முன்னுக்கு நிண்டு தூக்கிறவன் நான். விரல் இல்லாதவனை ஆர் தூக்க விடப்போகினம்?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. "ஓம் அப்பா, நானெண்டாலும் தாங்கமாட்டன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையைத் தடவினார். "விடிய பஸ்ஸிலை ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

விரல் போனது, கால் தப்பியது. இறுதிப் போட்டியில் எதிரணியின் நியாயத்தை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டே என் தொகுப்புரையைத் தொடங்கினேன். வென்றோம்.

அந்த வருடத் திருவிழாவில் அப்பா தூக்கவில்லை. வீதியோரம் எனக்குப் பக்கத்தில் நின்றார். அம்மாள் அசைந்து வந்தபோது கைகளைத் தலைக்குமேல் குவித்தார். கண்ணீர் ஓடியது.

"இவ்வளவு காலமும் கீழை நிண்டு தூக்கினனான், பிள்ளை. அவ வாற வடிவை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

உங்கள் வீட்டிலும் யாராவது அசையாமல் இருந்தால் அம்மாளாச்சியிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் எங்களைக் கைவிடமாட்டாள்.