மறைந்த ஜிப்புக்காரர்

பேருந்து நிலையத்தின் மூன்றாம் வாயிலருகே, ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு கடையில் முப்பத்தோர் ஆண்டுகளாகப் பைகளுக்கும் பெட்டிகளுக்கும் ஜிப் மாற்றிக் கொடுத்துவந்த ஒருவர், தாம் இறந்துபோன செய்தியை ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தம் மனைவியின் வாயிலாக அறிந்துகொண்டார். அப்போது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சீக்கிரம் வாங்க! நீங்க செத்துட்டீங்களாம்!"

"எப்போ?" என்று அவர் நுரையோடு கேட்டார்.

"ஒன்பது வருஷமாச்சாம்!"

வாயைக் கொப்பளிக்காமலே கூடத்துக்கு ஓடிவந்தார். தொலைக்காட்சித் திரையில் கறுப்புக் கட்டத்துக்குள் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. அதற்கும் கீழே 'மறைந்த ஜிப்புக்காரர்' என்று எழுதியிருந்தது. நான்கு விநாடி நின்றுவிட்டு அந்தப் படம் போய், அடுத்த படம் வந்தது.

"அப்போ இந்த ஒன்பது வருஷமா நான் யாருக்கு ஆக்கிப் போட்டேன்?" என்றார் மனைவி.

"என்னை ஏன் கேட்கறே? அவங்களைப் போய்க் கேளு."

"ஆனா படம் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல இருக்கற எந்தப் படத்துலயும் நீங்க இப்படிச் சிரிச்சதில்ல."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், மாலை ஆறு மணிக்கு, யாரோ சிலர் அந்தப் பேருந்து நிலையத்தில் குண்டு வைத்தார்கள். பதினொருவர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் உள்ளூர்த் தொலைக்காட்சி அவர்களுடைய படங்களைக் காலையில் ஒருமுறையும், குண்டு வெடித்த ஆறு மணிக்கு ஒருமுறையும், ஆளுக்கு நான்கு விநாடி வீதம் காட்டும். உயிர் பிழைத்தவர்களுடைய பேட்டியும் உண்டு. ஜிப்புக்காரர் அதில் நிரந்தர உறுப்பினர். ஒரு வாரத்துக்கு முன்பே கேமராவோடு கடைக்கு வந்துவிடுவார்கள். ஏதாவது ஒரு பையை எடுத்து, அதன் ஜிப்பை மூன்று நான்கு முறை இழுத்துக்காட்டச் சொல்வார்கள். "சார், கொஞ்சம் சோகமா இழுங்க" என்பார் கேமராக்காரர். ஒரு ஜிப்பைச் சோகமாக இழுப்பது எப்படி என்பது இத்தனை ஆண்டுகளில் அவருக்கும் ஓரளவு கைவந்திருந்தது.

வாயைத் துடைத்துக்கொள்வதற்குள் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் கடிகாரக்காரரின் மனைவி. கடிகாரக்காரரும் ஜிப்புக்காரரும் ஒரே கடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரே மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு ஆண்டுகள் தோளோடு தோள் இடிக்க வேலை செய்தவர்கள். இறந்த பதினொருவரில் கடிகாரக்காரர் ஒருவர்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. அதுல சந்தேகமே வேண்டாம்."

"இல்லண்ணே, பதினோரு படமும் பார்த்தேன். இவரை மட்டும் காணோம். இவர் வர்ற இடத்துல நீங்க வந்தீங்க."

அதுவரை வேடிக்கையாக இருந்த விஷயம் அந்த நொடியே வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. அந்த அம்மாள் அந்த நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே தொலைக்காட்சியின் எதிரே வந்து அமர்ந்துவிடுவார் என்பது ஜிப்புக்காரருக்குத் தெரியும். வெளியூரில் இருக்கும் மகளும் அங்கே அவ்வாறே அமர்வாள். அந்த நான்கு விநாடிக்காகத்தான்.

"ஆறு மணிக்கு மறுபடியும் போடுவாங்க இல்ல? அதுக்குள்ள எப்படியாவது சொல்லி மாத்திடுங்கண்ணே. உங்களுக்குத்தான் அவங்களைத் தெரியும்."

"இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? மாத்திடலாம்" என்றார் ஜிப்புக்காரர்.

சொல்வது எளிதாக இருந்தது. தொலைக்காட்சி நிலையத்தைத் தொலைபேசியில் பிடித்தபோது, ஒரு பெண்குரல் மிகுந்த பரிவோடு பேசியது.

"சொல்லுங்க சார், இறந்தவரோட குடும்பமா?"

"இல்லம்மா. இறந்தவரே பேசறேன்."

"உங்க வருத்தம் புரியுது சார். அவர் உங்களுக்கு என்ன முறை வேணும்?"

"முறையெல்லாம் இல்ல. அவர்தான் நான். நான் சாகல. அதனால என் படத்தை எடுத்துட்டு, உண்மையா இறந்தவர் படத்தைப் போடணும்."

அந்தப் பக்கத்தில் விசைப்பலகையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க உயிரோட இருக்கறதுக்கு ஏதாவது கடிதம் இருந்தா அனுப்புங்க சார், மூணு நாளைக்குள்ள பார்த்துச் சொல்றோம்" என்று கூறிவிட்டு, அந்தக் குரல் அதே பரிவோடு இணைப்பைத் துண்டித்தது.

ஒன்பது மணிக்கு அவர் கடைக்குப் போனபோது, சாத்தியிருந்த கதவின் முன்னால் நான்கு பூங்கொத்துகள் கிடந்தன. அவற்றை ஓரமாக நகர்த்தாமல் கதவைத் திறக்க முடியாது. அவர் குனிந்து நகர்த்திக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஐயா, இந்தக் கடைக்காரர் போயிட்டாராமே? டிவியில பார்த்தேன். என் நீலப் பெட்டி உள்ள இருக்கு. சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு."

"நீங்க?"

"நான்தாங்க போனவர்."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ பெட்டி ரெடியா?" என்று கேட்டார்.

பெட்டி ஆயத்தமாகத்தான் இருந்தது. அவர் போன பின் ஜிப்புக்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்தார். பழி முழுவதையும் தொலைக்காட்சியின் தலையில் போட அவருக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் 'மறைந்த' என்ற அந்தச் சொல் அவர் கொடுத்த சொல். "குண்டு வெடிச்சப்ப நான் மேசைக்கு அடியில மறைஞ்சுக்கிட்டேன்" என்று முதல் ஆண்டுப் பேட்டியில் சொன்னார். எட்டு ஆண்டுகளாக அதையே சொல்லிவந்தார். அது பொய்.

நடந்தது இதுதான். ஜிப்பின் பற்களை இணைத்தும் பிரித்தும் மேலும் கீழும் ஓடுகிற சிறு உலோகத் துண்டுக்கு ரன்னர் என்று பெயர். அன்று மாலை அவர் கையிலிருந்து ஒரு ரன்னர் நழுவிக் கடிகாரக்காரரின் பக்கமாக உருண்டு ஓடியது. "உன் காலடியிலதான் கிடக்கு, எடுப்பா" என்றார் இவர். "உன் சாமான், நீயே குனி" என்றார் அவர். இப்படியே இரண்டு மூன்று முறை ஆயிற்று. கடைசியில் இவர்தான் திட்டிக்கொண்டே மேசைக்கு அடியில் நுழைந்தார். இவர் உள்ளே இருந்தபோது வெடித்தது. இன்னும் ஒரே ஒரு முறை வற்புறுத்தியிருந்தால் அவர் குனிந்திருப்பார் என்ற எண்ணம் இவரை விடவே இல்லை. கடிகாரக்காரரின் மனைவியிடம் அதைச் சொல்ல ஒன்பது ஆண்டுகளாகத் துணிவு வரவில்லை.

மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாளே நேரில் வந்துவிட்டார். கையில் துண்டில் சுற்றிய ஒரு சட்டம்; வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கணவரின் படம்.

"அவங்ககிட்ட படம் இல்லாமப் போயிருக்குமோன்னு எடுத்துட்டு வந்தேண்ணே."

அரை மணி நேரத்தில் தொலைக்காட்சிக் குழுவும் வந்தது. ஆறு மணி நேரலைக்குப் பேருந்து நிலையத்தையே களமாக வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன் பேட்டி எடுத்த அதே இளம்பெண் நிருபர், ஜிப்புக்காரரைக் கண்டதும் கையிலிருந்த காகிதங்களை நழுவவிட்டார்.

"சார்! நீங்க… நீங்க எப்படி…"

"பஸ்ல வந்தேன். ஏம்மா, நான் எப்போம்மா செத்தேன்?"

நிருபர் கைபேசியில் யார் யாருடனோ பேசிப் பேசி, கால் மணி நேரத்தில் உண்மையைக் கண்டுபிடித்தார். அவர் எழுதி அனுப்பியது 'குண்டுவெடிப்பின்போது மேசைக்கு அடியில் மறைந்த ஜிப்புக்காரர்' என்பது. திரையின் கீழே அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்று ஒருவர் முன்பாதியை வெட்டிவிட்டார். 'மறைந்த' என்னும் பெயரெச்சம் துணையில்லாமல் தனியே நின்றால் என்ன பொருள் தரும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொருவர் அதைப் படித்துவிட்டு, மறைந்தவரை மறைந்தவர்களோடு சேர்த்தார். எண்ணிப்பார்த்தால் பன்னிரண்டு படம். மூன்றாமவர் மிகவும் கவனமானவர். ஒரே கடை விலாசத்தில் இரண்டு படம் இருப்பதைக் கண்டு, ஓர் ஆளையே இரண்டு முறை போட்டுவிட்டார்கள் என்று தீர்மானித்து ஒன்றை நீக்கினார்.

"அதுல என்னை நீக்கியிருக்கக் கூடாதா?"

"உங்க படம்தான் தெளிவா இருந்துச்சாம் சார்" என்றார் நிருபர், தலையைக் குனிந்துகொண்டு.

"சரி, இப்பவாவது மாத்தச் சொல்லுங்க."

நிருபர் மறுபடியும் செய்தி ஆசிரியருடன் பேசினார். ஆறு மணித் தொகுப்பு முடிந்துவிட்டதாம். இனி அதில் யாரும் கைவைக்க முடியாதாம். நேரலையில் இவரைப் பேசவைக்கலாம் என்றால், காலையில் மறைந்தவர் என்று காட்டியவரை மாலையில் எப்படிப் பேசவைப்பது? நிலையத்தின் மானம் என்ன ஆவது? கடைசியில் ஆசிரியர் ஒரு வழி சொன்னார். அதை வெளியே சொல்லவே நிருபருக்கு நாக்கு எழவில்லை.

"சார், உங்களை… உங்க அண்ணன்னு அறிமுகப்படுத்தச் சொல்றாங்க."

"எனக்கு அண்ணனே கிடையாதும்மா!"

"தெரியும் சார். முகச்சாயல் பொருந்துதாம்."

ஜிப்புக்காரர் கொதித்து எழத்தான் பார்த்தார். ஆனால் கேமராவின் முன்னே நிற்க வேறு வழி இல்லை. அந்த அம்மாளின் மடியில் இருந்த சட்டத்தைப் பார்த்தார்.

"சரிம்மா, அண்ணனாவே இருந்துட்டுப் போறேன். ஒரு நிமிஷம் குடுத்தாப் போதும்."

அண்ணன் என்றால் வயது கூடவேண்டும் என்று யாரோ அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டார்கள். யாருடையதோ தெரியவில்லை, அதை மாட்டியதும் பேருந்து நிலையமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. மனைவி வீட்டிலிருந்து கைபேசியில், "அண்ணனா? அப்போ நான் உங்களுக்கு யாரு? தம்பி பொண்டாட்டியா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

ஆறு மணி ஆயிற்று. படங்கள் ஒவ்வொன்றாய் ஓடின. ஜிப்புக்காரர் நான்கு விநாடி சிரித்து முடித்தார். கடை வாசலில் நின்ற கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மறைந்த ஜிப்புக்காரரின் அண்ணன் இப்போது நம்மோடு இணைந்திருக்கிறார்" என்று நிருபர் தொடங்கினார். "சொல்லுங்க சார், உங்க தம்பி எப்படிப்பட்டவர்?"

"பொய்க்காரன்" என்றார் ஜிப்புக்காரர்.

நிருபர் திகைத்துக் கேமராக்காரரைப் பார்த்தார். ஜிப்புக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். "எனக்குத் தம்பியும் கிடையாது, அண்ணனும் கிடையாது. ஜிப்புக்காரன் நான்தான். சாகல. நீங்க என்னை வச்ச இடம் இவரோடது."

அந்த அம்மாளிடமிருந்து வாங்கி வைத்திருந்த சட்டத்தின் துண்டை விலக்கி, அதைத் தூக்கிப் பிடித்தார். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். நான்கு வந்தபின் கையை இறக்க மனம் வரவில்லை. ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே போனார். சட்டம் கனத்தது. நிருபரின் காதுக்கருவியில் யாரோ கத்துவது இவருக்கே கேட்டது. ஆனால் அந்தப் பெண் ஒலிவாங்கியை நகர்த்தவில்லை. காதுக்கருவியை மட்டும் மெல்லக் கழற்றினார்.

"நீங்க மேசைக்கு அடியில மறைஞ்சுக்கிட்டதா…"

"மறையலம்மா. ரன்னர் விழுந்துடுச்சு. இவரை எடுக்கச் சொன்னேன். முடியாதுன்னாரு. நான் குனிஞ்சேன். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தா இவர் குனிஞ்சிருப்பாரு. இப்போ இங்க நின்னு அவரே பேசிக்கிட்டு இருந்திருப்பாரு. அவ்வளவுதான்."

விளக்கு அணைந்தது. ஜிப்புக்காரர் சட்டத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

"அண்ணே" என்றார் கடிகாரக்காரரின் மனைவி. "இதையா ஒன்பது வருஷமா மனசுல வச்சிருந்தீங்க?"

"ஆமாம்மா."

"இன்னொரு தடவை சொல்லியிருந்தா குனிஞ்சிருப்பாருன்னா?"

"ஆமாம்மா."

"அவராவது, குனியறதாவது! குளிக்கறப்ப சோப்பு விழுந்தாக்கூட உள்ளேயிருந்து 'ஏய்'னு கத்துவாரு. நான் அடுப்பை அணைச்சுட்டுப் போய் எடுத்துக் குடுக்கணும். கல்யாணத்தன்னிக்கு மோதிரம் கீழ விழுந்துச்சு, ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது. யாருண்ணே குனிஞ்சது? நான்தான்! நீங்க நூறு தடவை சொல்லியிருந்தாலும் அந்த மனுஷன் அசைஞ்சிருக்க மாட்டாரு."

ஜிப்புக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இருவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. கேமராக்காரர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அஞ்சலி நாளில் சிரிப்பவர்களைப் படமெடுக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

"இதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றார் அந்த அம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒருதடவை அவரோட சட்டைப் பொத்தான் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு…"

கடையைச் சாத்தப் போன ஜிப்புக்காரர், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.